உங்கட ஆள் இல்ல, நல்ல ஆள்

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஏழு வருஷம் குடியிருந்தேன். அந்த ஏழு வருஷத்தில் பொய் சொல்லாத ஒரே ஒரு மனுஷியைத்தான் கண்டேன். அவரும் கடவுளிடம் மட்டும்தான் பொய் சொல்லவில்லை. அடுத்தவர் விஷயத்தில் மனிதர்களிடம் வாயையே திறக்கமாட்டார், ஆகவே அங்கே பொய்க்கும் வேலை இல்லை.

பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நான் அக்கா என்று கூப்பிட்டேன். தெருவில் நடைக்காரி என்றார்கள். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவர்கள். என் கணவருக்கு கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை. அக்கா கத்தோலிக்கர். அவர் புருஷன் துறைமுகத்தில் சாமான் தூக்கும் வின்ச்சு ஓட்டியவர், ஒரு நாள் மேலே இருந்து சாமான் விழுந்து செத்துப்போனார். பிள்ளை குட்டி இல்லை. புருஷனைச் சேமக்காலையில் புதைத்தபோது பக்கத்தில் தனக்கும் ஒரு ஆள் கிடக்கிற அளவு இடம் விடச்சொல்லிக் கேட்டு, மாதா கோயில் சுவாமியாரிடம் சம்மதமும் வாங்கி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அங்கே போய், அந்த வெறும் நிலத்தில் முளைத்த புல்லைப் பிடுங்கிவிட்டு வருவார். மற்றவர்கள் புருஷனின் குழியைத்தான் துப்புரவாக்குவார்கள். இவர் தன்னுடையதையும் சேர்த்துத் துப்புரவாக்கினார்.

இனி நடைக்கு வருகிறேன். அந்தக் காலத்துக் கொட்டாஞ்சேனையில் பத்து நிமிஷம் நடந்தால் ஒரு மாதா கோயில், ஒரு சிவன் கோயில், ஒரு அம்மன் கோயில், ஒரு பள்ளிவாசல், புத்தருக்கு ஒரு பன்சலை என்று எல்லாம் வந்துவிடும். வெளியே ஒவ்வொருவரும் தன் சாமிதான் சாமி என்று கழுத்து நரம்பு புடைக்கக் கதைப்பார்கள். உள்ளுக்குள்ளே எல்லாருக்கும் பக்கத்துச் சாமி மேல் ஒரு கண். தங்கள் சாமியிடம் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள், அடுத்த இடத்தில் ஒருக்கால் கேட்டுப் பார்க்கலாமே என்று நினைப்பார்கள். ஆனால் நேரே போக வெட்கம், பயம். அப்படிப்பட்டவர்களுக்காக அக்கா போனார். அதற்குக் கூலி வாங்கவில்லை. கோயிலில் தருகிற பொங்கலோ அவலோ கிடைத்தால் சாப்பிட்டுவிட்டு வருவார், அவ்வளவுதான்.

கயிற்றுக்கடை நானா, பள்ளிவாசல் ஆள், செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி அனுப்புவார். கடைச் சாவிக் கொத்து காணாமல் போனதில் தொடங்கிய பழக்கம். சாவி கிடைத்தது. அதன் பிறகு எது காணாமல் போனாலும் அக்காதான். தபால் கந்தோரில் ஒரு யாழ்ப்பாணத்தார் இருந்தார், வெளியே ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்காத சுத்தக்காரர். அவருக்கு நாலு மாசம் விடாத இருமல். பள்ளிவாசலில் ஓதிய தண்ணீரை அக்கா ஒரு போத்தலில் கொண்டுவந்து கொடுப்பார். அவர் அதை இருமல் மருந்துப் போத்தலில் ஊற்றி வைத்துக் குடிப்பார். பாண் பேக்கரிக்காரரின் மனைவி கழுத்தில் இரண்டு செபமாலை போடுகிற கத்தோலிக்கப் பெண். மகளுக்குக் கலியாணம் பொருந்தவில்லை என்று பன்சலையில் இருந்த வெள்ளரச மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற அக்காவை அனுப்பினார்.

இதெல்லாம் அக்கா சொல்லி எனக்குத் தெரியாது. சுவர் மெல்லிசு. வருகிறவர்கள் இரகசியம் பேசத் தெரியாதவர்கள்.

"அக்கா, நம்மட பேர மட்டும் அங்க செல்ல வாணாம்" என்று நானா ஒரு நாள் கெஞ்சினார்.

"பேர் சொல்லாம எப்பிடி நானா? ஆருக்கெண்டு அவர் தேடுவார்?"

"நல்ல மனுஷன் ஒராள் எண்டு செல்லுங்களே."

"கொட்டாஞ்சேனையில நல்ல மனுஷன் எண்டு சொன்னா அவருக்கு எப்பிடி ஆள் விளங்கும்? கன பேர் தங்கள அப்பிடித்தான் சொல்லித் திரியுறாங்க."

இதுதான் அவருடைய முறை. நான் வேறு எங்கும் காணாதது. எங்கள் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்லவேண்டும். நட்சத்திரம் இல்லாத ஆட்களுக்கு என்ன செய்வது? அக்கா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டு இலக்கத்தைச் சொன்னார். எந்த மதத்துக் கோயில் ஆனாலும் போய் நின்று, தெருப் பெயர், வீட்டு இலக்கம், ஆளின் தொழில், ஆளின் குணம், கேட்கிற விஷயம் என்று வரிசையாக, வாய்விட்டுச் சொல்லுவார். "உங்கட ஆள் இல்ல, நல்ல ஆள்" என்று முடிப்பார். நல்ல ஆள் இல்லையென்றால் அதையும் சொல்லுவார். "உங்கட ஆளும் இல்ல, அவ்வளவு நல்ல ஆளும் இல்ல. எண்டாலும் கேக்கிறது பிள்ளைக்கு." இப்படி. பன்சலையில் மட்டும் சிங்களத்தில். அவருடைய சிங்களம் மீன் சந்தைச் சிங்களம். அந்தச் சிங்களத்தில் பேக்கரிக்காரியின் மகளைப் பற்றி வெள்ளரச மரத்திடம் சொன்னதைக் கேட்டு, விளக்கேற்ற வந்த இரண்டு பெண்கள் சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம்.

நான் ஒரு நாள் அவரோடு போனேன். செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் கோயில். எங்களைப் போன்றவர்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்று எனக்கு ஒரே கடுப்பு, அதை நேரில் பார்த்துக் கடுப்பாக வேண்டும் என்று போனேன். அக்கா என்னைத் தூணுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்.

"நீ கேக்கக் கூடாது புள்ள. ஆக்களின்ட விஷயம்."

நான் நின்றேன். பிறகு இரண்டு அடி கிட்டப் போனேன். முதல் நானாவின் மெழுகுதிரி. அவருடைய மூக்குக்கண்ணாடி காணவில்லையாம். அது முடிய அடுத்தது.

"அந்தோனியாரே, இது என்ட பக்கத்து வீடு, நாப்பத்தி மூண்டு. கந்தோரில கிளாக்கர். உங்கட ஆள் இல்ல, நல்ல ஆள். சத்தம் போடாத மனுஷன். பெண்சாதிக்குக் கோவம் கூட. அதில கொஞ்சம் குறைச்சுக் குடுக்கட்டாம்."

நாற்பத்து மூன்று எங்கள் வீடு.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த இடத்திலேயே நான் வாயைத் திறக்க, அக்கா திரும்பி என்னைக் கண்டார். கொஞ்சமும் பதறவில்லை. மறுபடி சொரூபத்தின் பக்கம் திரும்பி, "இவதான் அந்தாள், நீங்களே பாத்துக்கொள்ளுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தத்தில் என் கணவர் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். "இஞ்சேருங்கோ, எங்கட பிள்ளையாருக்குச் சொல்லியிருக்கலாமே! ஏன் வேற சாமிக்கு என்னைக் காட்டிக்குடுத்தனீங்கள்?" என்று கேட்டேன். "பிள்ளையாருக்கு ஆறு வருஷமாச் சொல்லுறன்" என்று உள்ளே இருந்து பதில் வந்தது.

அக்காவோடு நான் பத்து நாள் கதைக்கவில்லை. பத்தாம் நாள் அவரே சுவரில் தட்டி, "கேட்டது உன்ட குத்தம், சொன்னது என்ட வேல. தேத்தண்ணி போடட்டா?" என்றார். போனேன். என்ன செய்கிறது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தது, உபதேசியார் இதற்குள் வந்து சேரும் வரை.

உபதேசியார் என்றால் பங்குச் சுவாமியாருக்குக் கீழே ஞானோபதேசம் படிப்பிக்கிறவர், செபம் சொல்லிக்கொடுக்கிறவர். எங்கள் தெரு உபதேசியாருக்குக் குரல் பெரிசு. மாதாவின் கொடியைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஆள் இன்னும் ஒரு முழம் உயர்ந்துவிடுவார். சிவன் கோயில் தேர் தெருவால் வந்தால் யன்னலைச் சாத்துவார். சாத்துகிற சத்தம் தேருக்குக் கேட்கவேண்டும்.

அந்த வருஷம் அவர் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அம்மாள் வருத்தம் என்கிற அம்மை வந்தது. உடம்பு முழுக்கக் கொப்பளம், கண் திறக்கவில்லை. டொக்டர் கையை விரித்துவிட்டார் என்று தெரு முழுக்கக் கதை. பிறகு பிள்ளை பிழைத்துவிட்டது. மாதா செய்த புதுமை, அற்புதம் என்று உபதேசியார் கோயிலில் எழுந்து நின்று சாட்சி சொன்னார். எல்லாரும் அழுதார்கள்.

அக்கா அந்த நாட்களில் வெள்ளிக்கிழமை தோறும் அம்மன் கோயிலுக்குப் போய் வெளி மண்டபத்தில் நெய் விளக்கு ஏற்றினார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லமாட்டார்.

ஐந்து வெள்ளி முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன அக்கா சாம்பல் முகத்தோடு திரும்பி வந்தார். சேமக்காலைக்கும் போகவில்லை. கதிரையில் இருந்து கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சுவாமி கூப்பிட்டார்" என்றார். "வேற கோயிலுக்குப் போறது சாவான பாவமாம். இனி ஒருக்கா அந்தப் படியில கால் வச்சா, அவர் பக்கத்தில இடம் இல்லையாம். சேமக்காலைக்குள்ளயே இடம் இல்லையாம்."

"ஆர் சொல்லிக்குடுத்தது?"

"உபதேசியார் கண்ணால கண்டவராம். வெள்ளிக்கிழமை, அம்மன் கோயில் வாசல்ல."

"அவருக்கு வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் வாசல்ல என்ன வேலை?"

அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதைப் பார்த்தவுடன் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளைக்கு அம்மாள் வருத்தம். அம்மன் கோயில் விளக்கு. உபதேசியார் தன் விளக்கு ஒழுங்காக எரிகிறதா என்று தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று எட்டிப் பார்த்திருக்கிறார். பங்கிலே யாரோ அம்மன் கோயிலுக்குப் போகிறார்களாம் என்று சுவாமியாரின் காதில் கதை விழுந்து விசாரிக்கத் தொடங்க, அக்கா அகப்பட்டால் தன் பெயர் வந்துவிடும் என்று பயந்து, முந்திக்கொண்டு போய் அக்காவின் பெயரைச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு பெரிய குரல். எவ்வளவு சின்ன மனுஷன்.

"சுவாமி கேக்கேல்லையோ, ஆருக்காகப் போனனீங்கள் எண்டு?"

"கேட்டார்."

"நீங்கள்?"

"சும்மா நிண்டன்."

"ஏனக்கா? சொல்லியிருக்கலாமே! பழி ஏன் உங்களுக்கு?"

"அவங்க என்னட்ட தந்தது சாமிக்குச் சொல்ல. சுவாமிக்குச் சொல்ல இல்ல." பிறகு, "இன்னும் ரெண்டு வெள்ளி இருக்கு புள்ள. ஏழு வெள்ளி எண்டு நேந்து கேட்டது. பிள்ளைக்கு உயிர வாங்கிட்டு ரெண்டக் குறைச்சுக் குடுக்க ஏலாது. நான் போவன்" என்றார்.

"உங்கட இடம்?"

"அவர் தனியக் கிடந்து பழகட்டும்" என்றார். அந்த மனுஷிக்கு உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆறடி நிலம், அதுவும் ஒரு குறிப்பிட்ட ஆறடி.

"நான் போறன். அது எங்கட கோயில்தானே, என்னை ஆர் கேக்கிறது?"

"ஏலாது. அம்மா அஞ்சு வெள்ளியா என்ட முகத்தப் பாத்து வச்சிருக்கிறா. திடீரெண்டு நீ போய் நிண்டா, அந்த வீட்டுக்கு ஆர் இது புதுசா எண்டு குழம்புவா. அதோட நீ கோவத்தில அந்த ஆளப் பத்தி இல்லாததும் சொல்லுவாய்."

அது உண்மை. சொல்லியிருப்பேன்.

வியாழக்கிழமை பின்னேரம் நான் உபதேசியார் வீட்டுக்குப் போனேன். சாய்மனைக் கதிரையில் செபப்புத்தகத்தோடு இருந்தார்.

"வாங்க தங்கச்சி, என்ன விஷயம்?"

"நாளைக்கு வெள்ளி. ஆறாவது விளக்கு ஆர் கொளுத்திறது?"

"எந்த விளக்கு? எனக்கு விளங்கேல்ல."

"விளங்கும். நல்லா விளங்கும். அந்தப் பொம்பிளை நாளைக்கு உங்கட பிள்ளைக்காகப் போய், தன்ர புருஷன் பக்கத்து இடத்தை இழக்கப் போறா. செத்தா எங்க வைக்கிறது? உங்கட வளவுக்குள்ளயோ? கிணத்தடியில இடம் இருக்கோ?"

"மெல்லக் கதையுங்க, மெல்ல." அவர் எழும்பிக் கதவைச் சாத்தப் போனார். அதற்குள் உள்ளே இருந்து மனைவி வந்துவிட்டார், அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. பிள்ளையின் முகமெல்லாம் தழும்பு. ஆனால் கண் இரண்டும் பளிச்சென்று இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது.

மனைவி புருஷனைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வை நான் கூட என் கணவரைப் பார்த்ததில்லை, நான் முறைக்கத் தெரிந்தவள்.

"நீங்களா சுவாமிட்ட போய்ச் சொன்னீங்க?"

உபதேசியார் புத்தகத்தைத் திறந்தார், மூடினார்.

"நாளைக்கு நீங்க போறீங்களா, நான் போகட்டா?" என்றார் மனைவி.

நான் வெளியே வந்துவிட்டேன். அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை அக்கா சேலையை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். நானும் கூடப் போனேன். அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, உபதேசியார் வருவார் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. கோயில் வாசலில் அக்கா செருப்பைக் கழற்றினார். முதல் படியில் கால் வைக்கத் தூக்கிய நேரம் நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

உள்ளே, வெளி மண்டபத்தில், உபதேசியார் நின்றார். முக்காடு மாதிரி ஒரு சால்வை. அதற்குள்ளும் அந்தப் பெரிய மீசை தெரிந்தது. கையில் ஒரு விளக்குக்குப் பதில் மூன்று. பதற்றத்தில் கடைக்காரன் கொடுத்ததையெல்லாம் வாங்கியிருப்பார். மூன்றையும் ஏற்றினார். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். சனம் நெருக்கித் தள்ளத் தள்ள, கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குப் போய்விட்டார்.

அப்போது பூசை மணி அடித்தது.

முப்பது வருஷம் பூசை கண்ட மனுஷன். மாதா கோயிலில் நற்கருணையைத் தூக்கும் நேரம் மணி அடிப்பார்கள். அடித்தால் முழங்கால் தானாக மடங்கும். இங்கே அம்மனுக்குத் தீபம் காட்ட மணி அடித்தது. உபதேசியார் சடாரென்று ஒரு முழங்காலில் விழுந்தார், நெற்றியிலும் நெஞ்சிலும் இரண்டு தோளிலும் கையை வைத்துச் சிலுவை போட்டார், தேரோட்டத்துக்கும் கேட்கிற தன் குரலில் "ஆமென்" என்றார்.

ஐயர் கையில் தட்டோடு திரும்பிப் பார்த்தார். சால்வை கீழே விழுந்து கிடந்தது. ஒரு கிழவி, "ஆரும் வரட்டும், கும்பிட வந்தவர்தானே, விடுங்கோ" என்றார். அதற்குள் பின்னால் யாரோ சிரிக்க, சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது.

நான் படியில் இருந்துவிட்டேன். சிரிப்பில் நிற்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை. கால் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"ஆள் நேர வந்திட்டான், மிச்ச விளக்கையும் சேத்துக் கொளுத்திட்டான். இனி நான் எதுக்கு?" என்றார்.

பொழுதுபடுவதற்குள் கொட்டாஞ்சேனை முழுக்கக் கதை போய்விட்டது. கொழும்பின் மற்ற முனையில், பாமன்கடையில் இருந்த என் சித்தப்பாவுக்கே அடுத்த நாள் போய்ச் சேர்ந்தது என்றால் பாருங்கள்.

ஞாயிறு பூசை முடிய சுவாமியார் அக்காவை, கோயில் பக்கத்தில் தான் இருக்கிற அறைவீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார், நான் வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. சுவாமியார் வெள்ளைக்காரர். புத்தகத்தில் தமிழ் படித்தவர், ஒரு எழுத்தும் பிசகாமல் கதைப்பார். உபதேசியார் ஒரு மூலையில் நின்றார். மீசை தொங்கிப் போயிருந்தது.

"இவர் அனைத்தையும் கூறிவிட்டார்" என்றார் சுவாமியார். "ஒரு மாதம் இவர் கோயிலில் செபம் வாசிக்கமாட்டார். அம்மா, நீர் இவருடைய பெயரைச் சொல்லியிருந்தால் நான் உம்மை அவ்வளவு கடிந்திருக்கமாட்டேன்."

சுவாமியார் சேமக்காலைப் பதிவுப் புத்தகத்தை எடுத்து விரித்தார், பேனாவை மையில் தோய்த்தார்.

"உமது இடத்தை உமக்கே வைத்திருப்பதற்கு எனக்கு ஒரு வாக்குறுதி தேவை. அந்தச் சிலுவையைப் பார்த்துச் சொல்லும். இனி அந்த இடங்களுக்கு..."

சிலுவைக்கு முன்னால் அக்கா பொய் சொல்லமாட்டார். போகமாட்டேன் என்று சொன்னால் போகவேமாட்டார், தெரு முழுக்கத் தவிக்கும், அவரும் தவிப்பார். சொல்லாவிட்டால் நிலம் போய்விடும். வாயைத் திறக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா சுவாமியாரின் வசனம் முடியுமுன் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"சுவாமி, அந்த இடங்கள்ல நான் எனக்கெண்டு ஒரு நாளும் ஒண்டும் கேட்டதில்ல. எனக்குக் கேக்கிறதெல்லாம் இங்கதான் கேட்டன். இனியும் அங்க எனக்கெண்டு ஒண்டும் கேக்கமாட்டன். சிலுவை மேல சத்தியம்."

சுவாமியாரின் பேனா புத்தகத்துக்கு மேலே நின்றது. அவர் மடையன் இல்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அக்காவைப் பார்த்தார்.

"பிறருக்காக?"

"அதயும் நீங்க கேட்டா நான் உண்மையத்தான் சொல்லுவன், சுவாமி. கேக்கிறீங்களா?"

யன்னலுக்கு வெளியே கப்பல் ஒன்று ஊதியது. உபதேசியார் தரையைப் பார்த்தபடி நின்றார். சுவாமியார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாகச் சிலுவையைப் பார்த்தார். பிறகு எதையோ எழுதி, மை காய ஊதி, புத்தகத்தை மூடினார்.

"நான் கேட்கவில்லை" என்றார். ஒரு எழுத்தும் பிசகாமல்.

அறைவீட்டு வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்த பிறகுதான் அக்கா அழுதார். நின்றுகொண்டே, சத்தமில்லாமல், ரிக்‌ஷாக்காரர்கள் பார்க்கப் பார்க்க அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே சேமக்காலைக்கு நடந்தார். இரண்டு கிழமையாகப் பிடுங்காத புல் முழங்கால் அளவு வளர்ந்திருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

இரண்டாம் உலக யுத்தம் முடிகிற காலத்தில் அக்கா ஒரு காய்ச்சலில் போய்விட்டார். நாங்கள் அப்போது வெள்ளவத்தைக்கு வீடு மாறியிருந்தோம். செய்தி கேட்டு வந்தேன். பிறகும் ஒரு தரம் போய்ப் பார்த்தேன். புருஷன் பக்கத்திலேயே கிடக்கிறார். இடம் ஒடுக்கம், இரண்டு பேருக்கும் தோள் முட்டும். அதைப் பற்றி இரண்டு பேரில் ஒருவரும் இதுவரை முறைப்பாடு செய்யவில்லை.